வாட்ஸ்அப் குரூப்பில் கிளிக் கேட்கலாமா? ஆட்சென்ஸ் கிடைத்த ஒரு டீச்சருக்குப் பதில்

கேள்வி: பத்தாம் வகுப்புத் தமிழ், டி.என்.பி.எஸ்.சி. பொதுத்தமிழ் குறிப்புகளுக்காக இரண்டு வருடமாக ஒரு தளம் நடத்துகிறேன். தளங்களில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் திட்டத்தில் போன வாரம் அனுமதி வந்தது. என் வாட்ஸ்அப் குரூப்பில் 240 மாணவர்கள் இருக்கிறார்கள். ‘டீச்சர், நாங்க ஆளுக்கு தினம் ஒரு கிளிக் பண்றோம்’ என்று ஆசையாகச் சொல்கிறார்கள். சரி என்று சொல்லலாமா? ஒரு பக்கத்தில் எத்தனை விளம்பரம் வைக்கலாம்? வேறு எதிலெல்லாம் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்:

வேண்டாம் டீச்சர். மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம். முதலில் குரூப்புக்குப் போய், ‘எனக்கு உதவுவதாக நினைத்து யாரும் விளம்பரத்தைத் தட்டாதீர்கள், பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறக்காதீர்கள், பாடம் படித்தால் போதும்’ என்று எழுதிவிட்டு வாருங்கள். இன்றைக்கே எழுதுங்கள். பிள்ளைகள் உங்கள் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்கள், நாலைந்து பேர் ஏற்கெனவே தொடங்கியிருக்கவும் கூடும்.

இதை இவ்வளவு அவசரமாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் நான் ஒரு சின்னத் தளம் நடத்தி, ஒரு விளம்பர நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். கல்லூரி விடுதியில் இருந்த என் சித்தப்பா மகன், அண்ணனுக்கு உதவட்டும் என்று தன் அறைத்தோழர்களையும் சேர்த்துக்கொண்டு பத்து நாள் விடாமல் கிளிக் செய்தான். எனக்கு ஒன்றும் தெரியாது. வருமானம் கூடுகிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் கணக்கை மூடிவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. பதினோரு மாதம் சேர்ந்த தொகையும் போனது. அவன் அழுதுவிட்டான். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் இப்படிச் செய்யக் கூடாது என்று நான் அவனிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. உங்கள் மாணவர்களும் அன்பால்தான் கேட்கிறார்கள். அந்த அன்பு உங்கள் இரண்டு வருட உழைப்பைக் கெடுத்துவிடாமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விதிகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை யோசித்துப் பார்த்தால் பெரும்பாலான விதிகள் தானாகவே விளங்கும். மதுரையில் ஒரு போட்டித் தேர்வுப் பயிற்சி நிலையம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை நடத்துபவர் மாதம் சில ஆயிரம் ரூபாயை விளம்பரத்துக்கு ஒதுக்குகிறார். தேர்வுக்குப் படிக்கிற ஒருவர் அந்த விளம்பரத்தைப் பார்த்து விசாரிப்பார் என்ற நம்பிக்கையில்தான் அந்தப் பணத்தைப் போடுகிறார். அதில் ஒரு பங்கு கூகுளுக்கு, ஒரு பங்கு உங்களுக்கு. உங்கள் 240 மாணவர்களும் ஆளுக்கு ஒரு கிளிக் செய்தால் அன்றைக்கு அவருடைய பணம் கரைந்துவிடும், ஒருவர்கூட விசாரிக்க மாட்டார். அதனால் கூகுள் அந்தக் கிளிக்குகளைச் செல்லாதவை என்று கழித்து, முடிந்தவரை பணத்தை அவருக்குத் திருப்பித் தருகிறது. உங்கள் கணக்கிலிருந்து அது பிடிக்கப்படும். தொடர்ந்தால் விளம்பரத்தைக் குறைப்பார்கள், மிஞ்சினால் கணக்கையே மூடுவார்கள். விதியைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பயிற்சி நிலையக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு இது நியாயமா என்று கேட்டாலே பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

இன்னொரு பேச்சும் உங்கள் காதுக்கு வரும். ‘இப்போது கிளிக்குக்குப் பணம் இல்லை, பார்வைக்குத்தான் பணம். அதனால் கிளிக் செய்தாலும் தப்பில்லை, பக்கத்தைத் திறந்து திறந்து மூடினால் போதும்’ என்பார்கள். அதில் பாதி உண்மை. பதிப்பாளர்களுக்கு, அதாவது உங்களைப் போலத் தளம் நடத்துபவர்களுக்கு, பெரும்பாலும் பார்வைக் கணக்கில் பணம் தரும் முறைக்கு மாறுவதாக 2023 நவம்பரில் கூகுள் அறிவித்தது, 2024 தொடக்கத்தில் மாற்றியது. விளம்பரதாரர் தரப்பில் பிடிக்கப்படும் கட்டணம் போன பிறகு மிஞ்சுவதில் 80 சதவீதம் பதிப்பாளருக்கு என்பது இப்போதைய கணக்கு. கூகுளின் சொந்த விளம்பரத் தளம் வழியாக வருகிற பணத்தில் இது சுமார் 68 சதவீதம் ஆகும். ஆனால் பொய்ப் பார்வையும் பொய்க் கிளிக் போலவே செல்லாததுதான். 240 பேர் பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் அதுவும் அதே குற்றம்.

உங்கள் தளத்தை நீங்களே பார்க்கலாம், திருத்தலாம், எழுத்துப்பிழை தேடலாம். அதில் தவறில்லை. உங்கள் தளத்தில் வரும் விளம்பரத்தை மட்டும் நீங்கள் தட்டக் கூடாது, அந்தப் பொருள் நிஜமாகவே தேவைப்பட்டாலும் கூடாது. அந்த நிறுவனத்தின் பெயரைத் தனியாகத் தேடிப் போங்கள். வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள், பள்ளியில் ஆசிரியர் அறையிலும் சொல்லுங்கள். மாணவர் ஒருவர் பாடம் படிக்கும்போது நிஜமான ஆர்வத்தில் ஒரு விளம்பரத்தைத் தட்டினால் அது முறையான கிளிக்தான், அதைத் தடுக்க வேண்டாம். ‘தளம் தொடர்ந்து இயங்க விளம்பரங்களை ஆதரியுங்கள்’ என்று பக்கத்தில் எழுதுவதும், விளம்பரத்தை நோக்கி அம்புக்குறி போடுவதும் விதிமீறல். விளம்பரத்துக்கு மேலே தலைப்புப் போட விரும்பினால் ‘விளம்பரங்கள்’ என்று மட்டும் போடுங்கள். ‘பயனுள்ள இணைப்புகள்’, ‘மேலும் படிக்க’ போன்றவை கூடாது.

கல்வித் தளங்கள் மாட்டிக்கொள்கிற பெரிய இடம் ஒன்று உண்டு. உங்கள் பக்கங்களில் ‘பி.டி.எஃப். பதிவிறக்கு’ என்ற பொத்தான் நிச்சயம் இருக்கும். அதற்கு ஒட்டினாற்போல ஒரு விளம்பரம் வந்து, அந்த விளம்பரத்திலும் ‘டவுன்லோட்’ என்று ஒரு பச்சைப் பொத்தான் இருந்தால் என்ன ஆகும்? செல்போனில், பேருந்தில் நின்றுகொண்டு படிக்கிற பிள்ளையின் விரல் எதில் படும் என்று சொல்லவா வேண்டும். நீங்கள் ஏமாற்ற நினைக்கவே இல்லை, ஆனாலும் அது தவறுதலான கிளிக்கைத் தூண்டும் அமைப்பு என்றே கணக்கில் வரும். பொத்தானுக்கும் விளம்பரத்துக்கும் நடுவே இரண்டு பத்தியாவது இருக்கட்டும். மெனுவுக்கு அடியில், மாதிரித் தேர்வின் ‘அடுத்த கேள்வி’ பொத்தானுக்குப் பக்கத்தில், படங்களை வரிசையாக அடுக்கிய இடத்தில் விளம்பரம் வைக்காதீர்கள். கூகுளே இடம் தேர்ந்தெடுத்து வைக்கும் தானியங்கி விளம்பரத்தை இயக்கியிருந்தால், அது எங்கெங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று உங்கள் கணினியில் பார்த்தால் போதாது. விலை குறைந்த, சின்னத் திரை போன் ஒன்றில் பாருங்கள். உங்கள் மாணவர்களில் பலர் வைத்திருப்பது அதுதான்.

மாதிரித் தேர்வு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ஒரு கேள்விக்கு ஒரு பக்கம் என்று ஐம்பது பக்கமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மூன்று விளம்பரம் போடும் தளங்களைப் பார்த்திருப்பீர்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஒரு வரிக் கேள்வியைச் சுற்றி விளம்பரம் மட்டுமே இருந்தால் அது உள்ளடக்கமே இல்லாத பக்கம். விளம்பரங்கள் சில விநாடிக்கு ஒருமுறை தானாக மாறும்படி நிரல் வைப்பதற்கும் ஆட்சென்ஸில் அனுமதி இல்லை. ‘நன்றி’ பக்கம், உள்நுழைவுப் பக்கம், ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்று காட்டும் பக்கம் ஆகியவற்றிலும் விளம்பரம் வேண்டாம்.

ஒரு பக்கத்தில் எத்தனை என்று கேட்டீர்கள். மூன்றுதான் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள், அது பழைய கணக்கு. 2016 ஆகஸ்டில் கூகுள் அந்த எண்ணிக்கையை எடுத்துவிட்டது. இப்போதுள்ள விதி, விளம்பரம் உள்ளடக்கத்தை மிஞ்சக் கூடாது என்பதுதான். பெட்டர் ஆட்ஸ் என்ற கூட்டமைப்பின் அளவுகோலில் செல்போனுக்கு ஒரு எண் இருக்கிறது: கட்டுரை பிடிக்கும் உயரத்தில் விளம்பரங்கள் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்த அளவுகோலை மீறும் தளங்களில் விளம்பரங்களைத் தடுக்கும் வசதியைக் குரோம் உலாவி 2018 பிப்ரவரி 15 முதல் செயல்படுத்துகிறது. சத்தத்தோடு தானாக ஓடும் வீடியோ, திரையை மறைத்துத் துள்ளி வரும் பெட்டி, கண்ணைப் பறிக்கும்படி மின்னும் படம் எல்லாம் அதில் தப்பு. என்னைக் கேட்டால், திருக்குறள் விளக்கம் மாதிரி நானூறு ஐந்நூறு சொல் பக்கத்துக்கு இரண்டு விளம்பரம் போதும். கூடுதலாக வைத்தால் வருவது சில்லறைதான், ஆனால் படிக்க வந்த பிள்ளை பாதியிலேயே போய்விடும்.

அடுத்து உள்ளடக்கம். இங்கே உங்களை நான் கொஞ்சம் வற்புறுத்தியே சொல்ல வேண்டும். தமிழில் பாடக்குறிப்புத் தளங்கள் நிறைய இருக்கின்றன, அவற்றில் பல ஒன்றிலிருந்து ஒன்று எடுத்துப் போட்டவை. கடையில் விற்கும் கைடு புத்தகத்தை ஸ்கேன் செய்து ஏற்றுவது நேரடியான காப்புரிமை மீறல். உரிமையாளர் கூகுளுக்கு ஒரு புகார் அனுப்பினால் போதும், அந்தப் பக்கத்தில் விளம்பரம் நின்றுவிடும். அது தொடர்ந்தால் கணக்குக்கே ஆபத்து. அரசுப் பாடநூல் இலவசமாகப் பதிவிறக்கக் கிடைக்கிறது என்பதால் அது யாருக்கும் சொந்தமில்லை என்று ஆகாது, உரிமை அரசிடம்தான் இருக்கிறது. பாடநூல் கழகத்தின் தளத்துக்கு இணைப்புக் கொடுங்கள், பக்கத்தில் உங்கள் விளக்கத்தை எழுதுங்கள். பாரதி, பாரதிதாசன் போல நாட்டுடைமை ஆக்கப்பட்டவர்களின் பாடலை முழுதாகவே போடலாம், சங்கப் பாடலுக்கும் குறளுக்கும் தடையே இல்லை. ஆனால் அவற்றுக்கு இன்றைய உரையாசிரியர் ஒருவர் எழுதிய உரை அவருடையது. இந்தியச் சட்டப்படி, எழுதியவர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை நீடிக்கும். சினிமாப் பாட்டு வரிகளை உதாரணத்துக்கு ஓரிரு வரி எடுத்து அணி இலக்கணம் விளக்கலாம், முழுப் பாட்டையும் ஏற்றாதீர்கள்.

2018 பிப்ரவரியில்தான் ஆட்சென்ஸ் தமிழை அதிகாரப்பூர்வமாக ஏற்றது. அதற்கு முன் தமிழில் மட்டும் எழுதியவர்கள் அனுமதி கிடைக்காமல் வருடக்கணக்கில் அலைந்தார்கள், ஆங்கிலத்தில் பத்துப் பக்கம் எழுதிவைத்து அனுமதி வாங்கியவர்கள்கூட உண்டு. அந்தக் கஷ்டத்தைப் பார்த்தவன் என்பதால் இப்போது சிலர் ஆங்கிலக் கட்டுரையை எந்திரத்தில் கொடுத்துத் தமிழாக்கி நூற்றுக்கணக்கில் கொட்டுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. யாரும் திருத்தாமல் இப்படிக் குவிக்கிற பக்கங்களை மதிப்பில்லாத உள்ளடக்கம் என்று விதியே தள்ளிவைக்கிறது. வகுப்பறையில் எந்த இடத்தில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதை எழுதினால் வேறு எந்தத் தளத்திலும் இல்லாத பக்கம் அது.

பின்னூட்டப் பகுதி திறந்திருந்தால் அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு. யாரோ ஆபாசமாக எழுதி, அதன் பக்கத்தில் விளம்பரம் வந்தால் மீறல் உங்கள் பெயரில்தான் பதிவாகும். பார்த்து அனுமதித்த பிறகே வெளியாகும்படி அமைத்துவிடுங்கள்.

பிள்ளைகள் சம்பந்தமாக இரண்டு விஷயம். ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பாடங்களையும் சேர்க்கும் எண்ணம் இருந்தால், அந்தப் பகுதி குழந்தைகளுக்கானது என்று கூகுளுக்குக் குறித்துக் காட்ட வேண்டும். 13 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவலைக் காக்கும் அமெரிக்கச் சட்டம் 1998-ல் வந்தது, அதன் தொடர்ச்சி இது. அப்படிக் குறித்தால் அங்கே ஆளைப் பின்தொடரும் விளம்பரம் வராது. இரண்டாவது, மாதிரித் தேர்வுக்குப் பெயர், செல்போன் எண், மின்னஞ்சல் வாங்குகிறீர்களா? படிவத்தை அனுப்பியதும் உலாவியின் முகவரிப் பட்டையைப் பாருங்கள். மாணவரின் எண்ணோ மின்னஞ்சலோ அந்த முகவரியிலேயே தெரிந்தால், அந்தப் பக்கத்தில் விளம்பரம் இருக்கும்போது அது கூகுளுக்கும் போய்ச் சேர்கிறது. ஒருவரை அடையாளம் காட்டும் தகவல் அப்படி வரக் கூடாது என்பது கண்டிப்பான விதி. தளம் செய்து தந்தவரிடம் சொன்னால் சீக்கிரமே மாற்றித் தருவார்.

தனியுரிமைக் கொள்கைப் பக்கம் கட்டாயம் வேண்டும். விளம்பர நிறுவனங்கள் குக்கி (வாசகரை அடையாளம் வைத்துக்கொள்ள உலாவியில் சேமிக்கும் சிறு கோப்பு) பயன்படுத்துகின்றன, அதை வாசகர் எப்படி மறுக்கலாம் என்பதை அதில் சொல்ல வேண்டும். வேறு தளத்திலிருந்து நகல் எடுத்து, அந்தத் தளத்தின் பெயரைக்கூட மாற்றாமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்களே உட்கார்ந்து பத்து வரி எழுதுங்கள். தமிழ்த் தளம் என்பதால் உங்களுக்கு லண்டனிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் வாசகர்கள் வருவார்கள், அங்கே பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரும் பெற்றோர் இப்படிப்பட்ட தளங்களைத்தான் தேடுகிறார்கள். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 25 முதல் நடப்பில் இருக்கிறது. ஐரோப்பா, பிரிட்டன் வாசகர்களிடம் சான்று பெற்ற ஒப்புதல் கருவி மூலம் சம்மதம் கேட்க வேண்டும் என்பதைக் கூகுள் 2024 ஜனவரி 16 முதல் கட்டாயமாக்கியது, சுவிட்சர்லாந்துக்கு அதே ஆண்டு ஜூலை 31 முதல். இதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம். ஆட்சென்ஸுக்குள் தனியுரிமைச் செய்திகள் பகுதியிலேயே இலவசமாக அமைக்கலாம், பதினைந்து நிமிட வேலை.

வாசகர்களைக் கூட்டித் தருகிறோம் என்று வருபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அனுமதி கிடைத்த சில நாளிலேயே ‘இத்தனை ரூபாய்க்கு பத்தாயிரம் விசிட்டர்’ என்று செய்தி வரும். அவர்கள் அனுப்புவது மனிதர்களை அல்ல, பெரும்பாலும் எந்திரங்களை. ‘நீ என் தளத்தைத் திற, நான் உன் தளத்தைத் திறக்கிறேன்’ என்ற டெலிகிராம் குழுக்களும் அதே ரகம். யார் அனுப்பினாலும் வந்து சேர்ந்த தளம் உங்களுடையது என்பதால் பழி உங்கள் மேல்தான் விழும். வாரம் ஒருமுறை, வருகையைக் கணக்கிடும் கூகுள் கருவியான அனலிட்டிக்ஸில் எந்த ஊரிலிருந்து, எந்த வழியாக வருகிறார்கள் என்று பாருங்கள். சம்பந்தமே இல்லாத நாட்டிலிருந்து ஒரே இரவில் ஆயிரம் பேர் வந்தாலோ, ஒரு நாளில் கிளிக் விகிதம் பல மடங்கு ஏறினாலோ சும்மா இருக்காதீர்கள். தேதியைக் குறித்துவையுங்கள், விளம்பரத்தைச் சில நாள் நிறுத்துங்கள், செல்லாத கிளிக் பற்றித் தெரிவிக்கும் படிவம் கூகுளிடம் இருக்கிறது, அதில் நீங்களே எழுதுங்கள்.

எச்சரிக்கை ஏதாவது வந்தால் ஆட்சென்ஸ் கணக்கில் விதிமீறல்களைக் காட்டும் ‘பாலிசி சென்டர்’ பகுதியில் பாருங்கள். 2017-ல் இது வந்த பிறகு, ஒரு பக்கத்தில் தவறு என்றால் முழுத் தளத்தையும் முடக்காமல் அந்தப் பக்கத்தில் மட்டும் விளம்பரத்தை நிறுத்த முடிகிறது. எந்தப் பக்கம், என்ன காரணம் என்று அங்கேயே இருக்கும். பதற்றத்தில் உடனே ‘மறுபரிசீலனை’ பொத்தானை அழுத்துவதுதான் பலர் செய்யும் பிழை. அதே காரணம் வேறு பக்கங்களிலும் இருக்கிறதா என்று தேடித் திருத்திய பிறகு அழுத்துங்கள். செல்லாத கிளிக்குகளால் விளம்பர அளவைக் குறைத்தால் அதற்கு மேல்முறையீடு கிடையாது. பெரும்பாலும் முப்பது நாளுக்குள் நீங்கும், சில சமயம் நீளும். அந்த நாட்களில் புதுப் பாடம் எழுதுங்கள், அமைப்பை மாற்றி மாற்றிப் பார்க்காதீர்கள். கணக்கே மூடப்பட்டால், முறையீட்டில் நடந்ததை உள்ளபடி எழுதுங்கள். வேறு பெயரில் இன்னொரு கணக்குத் திறப்பது மட்டும் கூடவே கூடாது. ஒருவருக்கு ஒரு கணக்குதான். உங்களுக்கு யூடியூப் சேனல் வழியாக முன்பே ஆட்சென்ஸ் இருந்தால் அதிலேயே தளத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நேரடி விளம்பரம் கேட்டு உள்ளூர் நிறுவனங்கள் வந்தால் வாங்கலாம், ஆட்சென்ஸ் தடுக்காது. காசு வாங்கிப் போடும் கட்டுரைக்கு மேலே ‘விளம்பரம்’ என்று தெளிவாக எழுதுங்கள், அதிலுள்ள இணைப்பு விளம்பர இணைப்பு என்று நிரலிலும் குறிக்கச் சொல்லுங்கள். ரம்மி போன்ற பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளின் ஆட்கள் நல்ல தொகை சொல்வார்கள். 2025-ல் வந்த மத்தியச் சட்டம் அந்த விளையாட்டுகளையும் அவற்றுக்கு விளம்பரம் செய்வதையும் தடை செய்கிறது. மாணவர்கள் படிக்கும் தளத்தில் அது சட்டம் இல்லாவிட்டாலும் வேண்டாம். ஆட்சென்ஸ் வழியாக வருகிற விளம்பரங்களிலும் உங்களுக்குப் பிடிக்காத வகைகளைத் தடுக்க முடியும். ஜோதிடம், டேட்டிங் இரண்டையும் முதல் நாளே தடுத்துவிடுங்கள், வருமானம் கொஞ்சம் குறைந்தாலும் பெற்றோர் நம்பிக்கை இருக்கும்.

அமேசானின் கமிஷன் திட்டத்தில் சேர்ந்து தேர்வுப் புத்தகங்களுக்கு இணைப்புக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் அதற்குத் தனி விதிகள். தகுதியான வாங்கல்களில் உங்களுக்குப் பங்கு கிடைக்கிறது என்று தளத்தில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொந்தத் தேவைக்கு உங்கள் இணைப்பிலேயே வாங்கினால் கமிஷன் கிடையாது. விலையைக் கையால் எழுதிவைக்கக் கூடாது, அங்கே மாறிக்கொண்டே இருக்கும். சேர்ந்து 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள், ஆனால் திரும்ப விண்ணப்பிக்கலாம்.

கடைசியாக வீட்டு முகவரி. வருமானம் 10 டாலரைத் தொட்டதும் கூகுள் சாதாரணத் தபாலில் ஒரு பின் நம்பர் அனுப்பும். வந்து சேரச் சில வாரம் ஆகும். நான்கு மாதத்துக்குள் அதைக் கணக்கில் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். 100 டாலர் சேர்ந்த மாதத்துக்கு அடுத்த மாதம் 21-லிருந்து 26-ஆம் தேதிக்குள் பணம் புறப்படும். பெயர் வங்கிக் கணக்கில் உள்ளபடியே, இனிஷியல் உட்பட, இருக்கட்டும். முகவரியில் கதவு எண், தெரு, அஞ்சல் குறியீடு மூன்றையும் இப்போதே சரிபாருங்கள். கூகுளிலிருந்து மெல்லிய காகித உறை ஒன்று வரும், விளம்பரத் தாள் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம் என்று வீட்டிலும் தபால்காரரிடமும் சொல்லிவையுங்கள்.